எல்லையைத் தாண்டி நடந்து வரும் சரஸ்வதி: பாறசாலையில் நின்று பார்க்க வேண்டிய நவராத்திரி

உலகத்தில் ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டிய திருவிழாக்கள் என்று உங்கள் போனில் ஒரு பட்டியல் இருக்கும். ரியோ கார்னிவல், ஸ்பெயினின் தக்காளித் திருவிழா, மெக்சிகோவின் இறந்தோர் தினம், ம்யூனிக்கின் பீர் திருவிழா. எல்லாம் சரிதான். விசா, டிக்கெட், லீவு எல்லாம் ஒத்துவந்தால் போய்விட்டு வாங்க.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. மூன்று தெய்வங்கள் ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி, மாநில எல்லையைக் கடந்து, மூன்று நாள் பயணமாகத் திருவனந்தபுரம் போகின்றன. ஒன்பது நாள் அங்கே தங்கிவிட்டு, வந்த வழியே வீடு திரும்புகின்றன. இது உங்களுக்குத் தெரியுமா? கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம்மில் பலருக்குத் தெரியாது.

பார்க்கச் சிறந்த இடங்களில் ஒன்று பாறசாலை. தமிழ்நாட்டின் கடைசி ஊரான களியக்காவிளையைத் தாண்டியதும், நெய்யாற்றின்கரை தாலுகாவில் வரும் முதல் பெரிய ஊர். இந்த ஊர்வலம் எதற்காக நடக்கிறது, எங்கே நின்று பார்ப்பது, பார்க்கும்போது என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இங்கே.

யார் கிளம்புகிறார்கள்?

மூன்று பேர். முதலாவது, பத்மநாபபுரம் அரண்மனை வளாகத்தில் இருக்கும் தேவாரக்கட்டு சரஸ்வதி. இரண்டாவது, தக்கலை பக்கத்தில் குமாரகோவிலில் இருக்கும் வேளிமலை முருகன். கேரளத்தில் இவரைக் குமாரசுவாமி என்பார்கள். மூன்றாவது, சுசீந்திரத்திலிருந்து வரும் முன்னுதித்த நங்கை. மலையாளப் பேச்சில் இந்தப் பெயர் உருமாறி 'முன்னூற்றிநங்கா' ஆகிவிட்டது. தமிழ்ப் பெயர் எல்லை தாண்டும்போது எப்படித் தேய்ந்து புதுப் பெயராகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரஸ்வதி யானை மேல் வருவது வழக்கம். முருகனும் நங்கையும் பல்லக்கில் வருவார்கள். முருகனுடைய வெள்ளிக்குதிரையும் கூடவே போகும். இவர்களுக்கு முன்னால் ஒரு வாள். திருவிதாங்கூர் மன்னரின் உடைவாள் அது. பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பிரிகை மாளிகையிலிருந்து அதை எடுத்துக் கொடுப்பதோடுதான் பயணம் தொடங்குகிறது. முன்பு மன்னர் முன்னின்று நடத்திய சடங்கு இது. இப்போது கேரள அமைச்சர்கள் வந்து நிற்கிறார்கள். இரு மாநிலப் போலீசாரும் அணிவகுத்து மரியாதை செலுத்துகிறார்கள்.

கேரள அமைச்சருக்குத் தமிழ்நாட்டு அரண்மனையில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். ஆனால் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. ஏன் அப்படி என்று தெரிய கொஞ்சம் வரலாறு வேண்டும்.

ஏன் கிளம்புகிறார்கள்?

திருவிதாங்கூரின் தலைநகரம் ஒரு காலத்தில் பத்மநாபபுரம்தான். நவராத்திரி விழாவும் அங்கேயே நடந்தது. அரண்மனைக்குச் சுற்றிப்பார்க்கப் போனால் இன்றும் கல்லால் கட்டிய நவராத்திரி மண்டபத்தைப் பார்க்கலாம். கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்புத் தரை. அதை ஒட்டியே சரஸ்வதியின் சந்நிதி.

இந்தச் சரஸ்வதியைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கம்பர் வணங்கிய விக்கிரகம் இது. அவர் சேர மன்னரிடம் ஒப்படைத்தார். ஆண்டுதோறும் நவராத்திரி நடத்துவேன் என்று மன்னர் வாக்குக் கொடுத்தார் என்கிறது அந்தக் கதை. கல்வெட்டுச் சான்று தேடுகிறவர்கள் இதைக் கதையாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திருவனந்தபுரத்தில் நடக்கும் ஒரு அரச விழாவின் மூலக்கதையில் தமிழ்க் கவிஞர் ஒருவர் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இரண்டு மொழிகளுக்கும் நடுவில் அன்றைக்கு இன்றுள்ள கோடு இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், தர்மராஜா என்று அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசு போன இடத்துக்கு விழாவும் போக வேண்டும். ஆனால் தெய்வத்தை நிரந்தரமாகப் பெயர்க்கவில்லை. விழாவுக்கு வருவார், முடிந்ததும் வீடு திரும்புவார் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஊர்வலத்தின் அடிப்படை அவ்வளவுதான்.

நடுவில் ஒரு எல்லை வந்தது

இந்தியா விடுதலை அடைந்த பிறகு, திருவிதாங்கூரின் தென்பகுதித் தமிழர்கள் தங்கள் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராடினார்கள். மார்ஷல் நேசமணி முன்னணியில் நின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அந்தப் போராட்டத்தை நடத்தியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. உயிர்கள் போயின. குமரி மாவட்டத்தில் அந்த நாளை இன்றும் மறக்கவில்லை.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை தாலுகாவும் வேண்டும் என்று போராட்டக்காரர்கள் கேட்டார்கள். அது கிடைக்கவில்லை. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. களியக்காவிளை தமிழ்நாட்டுக்கு வந்தது.

கோடு போட்டதால் பேச்சு மாறிவிடுமா? எல்லையின் இந்தப் பக்கம் பேசும் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். அந்தப் பக்கம் பேசும் மலையாளத்தில் தமிழ் கலந்திருக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரு பக்கமும் உண்டு. காலையில் பாறசாலையில் பஸ் ஏறி மார்த்தாண்டத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்களுக்கு எல்லை என்பது ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான்.

தெய்வங்களுக்குச் சிக்கல் கொஞ்சம் பெரிது. சரஸ்வதி, முருகன், நங்கை மூவரின் கோயில்களும் தமிழ்நாட்டில். விழா நடக்க வேண்டிய இடம் கேரளத்தில். அரண்மனை கேரளத்தின் பொறுப்பு, அது நிற்கும் மண் தமிழ்நாட்டின் மண். "இனிமேல் அவரவர் ஊரில் கொண்டாடிக்கொள்ளலாம்" என்று முடித்திருக்க முடியும். முடிக்கவில்லை. இரண்டு அரசுகளின் போலீஸ், இரண்டு பக்கத்துக் கோயில் நிர்வாகங்கள், வருவாய் அதிகாரிகள் எல்லோரும் ஆண்டுதோறும் சேர்ந்து உட்கார்ந்து பேசி இந்தப் பயணத்தை நடத்துகிறார்கள். தண்ணீருக்கும் அணைக்கும் சண்டை போடும் அதே இரண்டு மாநிலங்கள்தான்.

அதனால்தான் களியக்காவிளையில் நடக்கும் வரவேற்பை நேரில் பார்க்கச் சொல்கிறோம். தமிழ்நாட்டுப் போலீஸ் அதுவரை துணைக்கு வந்திருக்கும். எல்லையில் கேரளப் போலீஸும் அதிகாரிகளும் முறைப்படி வரவேற்று அழைத்துப்போவார்கள். ஒரு விருந்தாளியை வாசலில் வந்து கூட்டிப்போவது மாதிரி.

மூன்று நாள் பாதை: எங்கே, எப்போது?

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் கோட்டை வரை சுமார் 55 கிலோமீட்டர். காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் தூரம். ஊர்வலம் அதற்கு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது.

*முந்தின நாள்:* சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை கிளம்பிப் பத்மநாபபுரம் நோக்கி வருகிறார்.

*முதல் நாள்:* வேளிமலை முருகனும் வந்து சேர, உடைவாள் ஒப்படைக்கப்பட்டு, மூவரும் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படுகிறார்கள். அன்றிரவு தங்குவது குழித்துறை மகாதேவர் கோயிலில். ஆடி அமாவாசை வாவுபலிக்குப் பேர் போன அதே குழித்துறைதான்.

*இரண்டாம் நாள்:* குழித்துறையிலிருந்து களியக்காவிளை. எல்லையில் வரவேற்பு. பிறகு பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை. அன்றிரவு தங்குவது நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயிலில்.

*மூன்றாம் நாள்:* நெய்யாற்றின்கரையிலிருந்து பாலராமபுரம், நேமம், கரமனை வழியாக மாலையில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை.

உங்களுக்கு ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் இரண்டாம் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை கடப்பதும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அந்த ஒரே நாளில் வந்துவிடும். மூன்றாம் நாள் மாலை திருவனந்தபுரத்தில் கூட்டம் அதிகம், போட்டோவுக்கு நல்லது. ஆனால் ஊர்க்காரர்களோடு நின்று பார்க்க இரண்டாம் நாள்தான் சரி.

பாறசாலையில் என்ன பார்ப்பீர்கள்?

பெரிய மேடையோ கேலரியோ டிக்கெட்டோ கிடையாது. நீங்கள் நிற்பது நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு கடை வாசலில், யாரோ ஒருவர் வீட்டு முன்னால். வீட்டுக்காரர்கள் வாசலைக் கழுவி, குத்துவிளக்கு ஏற்றி, தட்டில் தேங்காய், பழம், பூ வைத்துக் காத்திருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேலைக்குப் போகிற வழியில் நின்றவர்கள், தாத்தா பாட்டிகள், எல்லோரும் ஒரே வரிசையில். மேளம் கேட்கும். வாள் வரும். பல்லக்குகள் வரும். சில நிமிடங்கள்தான். அவர்கள் நகர்ந்ததும் லாரியும் பஸ்ஸும் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று தோன்றலாம். அங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த ஊர்வலம் உங்களுக்காக நடத்தப்படவில்லை. அது ஒரு பயணம். வழியில் இருப்பவர்கள் அதை வழியனுப்புகிறார்கள். நீங்கள் அந்த நிமிடத்துக்கு அவர்களில் ஒருவர். பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் தமிழில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர் மலையாளத்தில் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் புரியும்.

மாலையில் நெய்யாற்றின்கரை கோயிலுக்குப் போங்கள். மார்த்தாண்டவர்மா பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய கோயில் இது. வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்று ஒரு பழைய பலாமரத்தின் எச்சம் இருக்கிறது. எதிரிகள் துரத்தியபோது இளவரசராக இருந்த மார்த்தாண்டவர்மா அந்த மரத்தின் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது ஊர் நம்பிக்கை. ராஜாவைக் காத்த மரம், ராஜாவின் வாள் வந்து தங்கும் கோயில். இரண்டும் ஒரே வாசலுக்குள்.

திருவனந்தபுரத்தில் ஒன்பது நாள்

போய்ச் சேர்ந்ததும் மூவரும் பிரிகிறார்கள். சரஸ்வதி, பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்துக்கு. முருகன் ஆரியசாலை தேவி கோயிலுக்கு. நங்கை செந்திட்டை பகவதி கோயிலுக்கு.

கர்நாடக இசை கேட்கிறவராக இருந்தால் உங்களுக்கு முக்கியம் நவராத்திரி மண்டபம். ஒன்பது மாலையும் அங்கே கச்சேரி. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மன்னர் ஒன்பது நாளுக்கும் ஒன்பது கிருதிகள் இயற்றி வைத்திருக்கிறார். எந்த நாளில் எந்த ராகம் என்பது மாறாது. முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. பாடுகிறவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் அன்றைய ராகத்தைத்தான் முதன்மையாகப் பாட வேண்டும். சென்னை மார்கழி சீசனில் பழகியவர்களுக்கு இன்னொரு வித்தியாசமும் தெரியும்: இங்கே கைதட்டல் கிடையாது. பாட்டு சரஸ்வதிக்கு. நீங்கள் கூட உட்கார்ந்து கேட்கிறீர்கள்.

விஜயதசமி அன்று முருகன் வெள்ளிக்குதிரையில் பூஜைப்புரை மண்டபத்துக்கு எழுந்தருள்கிறார். குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் நாள் அது. பிறகு ஓய்வு. அதன்பின் மூவரும் வந்த வழியே, அதே இடங்களில் தங்கி, ஊர் திரும்புகிறார்கள். போகும்போது பார்க்கத் தவறியவர்களுக்கு அது இரண்டாவது வாய்ப்பு. கூட்டமும் குறைவாக இருக்கும்.

பாறசாலையிலிருந்து போன ஒரு பெண்

இவ்வளவு நேரம் அழகான விஷயங்களாகச் சொன்னோம். ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். வீணை வைத்திருக்கும் பெண் தெய்வத்தின் முன்னால், பெண்கள் யாரும் பாட முடியாது என்பதுதான் நவராத்திரி மண்டபத்தில் மிக நீண்ட காலம் வழக்கமாக இருந்தது.

அதை மாற்றியவரின் ஊர்ப்பெயர் அவருடைய பெயரிலேயே இருக்கிறது: பாறசாலை பி. பொன்னம்மாள். 1924இல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் மகாராஜா தொடங்கிய சுவாதித் திருநாள் இசை அகாடமியில் சேர்ந்த முதல் பெண். பிறகு அதே நிறுவனத்தில் கற்பித்த முதல் பெண். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வர். முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் வழிநடத்திய காலத்தில் அந்த அகாடமியில் பாட்டுப் படித்தவர். சுவாதித் திருநாளின் கிருதிகளைத் தலைமுறைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் அந்தக் கிருதிகள் எந்த மண்டபத்துக்காக எழுதப்பட்டனவோ அங்கே அவர் பாட முடியாது.

2006இல் அந்தக் கதவு திறந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த பாடகர் அஸ்வதித் திருநாள் ராமவர்மாவின் முயற்சியில் பொன்னம்மாள் நவராத்திரி மண்டபத்தில் உட்கார்ந்து பாடினார். அப்போது அவருக்கு 81 வயது. அவருக்குப் பின்னால் மற்றப் பெண்களும் பாட வந்தார்கள். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2021 ஜூனில், 96ஆம் வயதில் காலமானார்.

பாறசாலை ரோட்டோரத்தில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் வழியாக ஆண்டுதோறும் சரஸ்வதி அந்த மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இதே ஊரில் பிறந்த ஒரு பெண் அதே மண்டபத்தில் பாட 81 வயது வரை காத்திருந்தார். மரபு என்றால் மாற்றவே கூடாது என்று யாராவது வாதாடினால், இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள். வழக்கம் மாறியது, விழா குறைந்துவிடவில்லை.

உலகத் திருவிழாக்களுக்கு நடுவில் இது எங்கே?

திருவிழாக்களைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. எல்லாத் திருவிழாவும் ஒரே வகை இல்லை.

மெக்சிகோவில் இறந்தோர் தினம் பழைய வழக்கம். வீடுகளிலும் கல்லறைகளிலும் நடப்பது. ஆனால் மெக்சிகோ சிட்டியில் நீங்கள் வீடியோவில் பார்க்கும் பிரம்மாண்ட அணிவகுப்பு 2016இல்தான் தொடங்கியது. 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஸ்பெக்டர்' அப்படி ஒரு அணிவகுப்பைக் கற்பனையாகக் காட்டியது. படத்தைப் பார்த்தவர்கள் தேடி வருவார்கள் என்று நகரமே அதை நிஜமாக்கிவிட்டது. ஸ்பெயினின் புன்யோலில் தக்காளி எறியும் விழாவுக்குக் கூட்டம் தாங்காமல், 2013 முதல் டிக்கெட் போட்டு ஆள் எண்ணிக்கையை 20,000 அளவில் நிறுத்த வேண்டியிருந்தது. நம் பக்கத்திலேயே மைசூரு தசராவில் 750 கிலோ தங்க அம்பாரியில் சாமுண்டீஸ்வரி வருவதைப் பார்க்க இருக்கைக்குப் பாஸ் வேண்டும்.

இந்த ஊர்வலத்துக்கு நெருங்கிய உறவு தேடினால் இலங்கையின் கண்டி எசல பெரஹராவைச் சொல்லலாம். புத்தரின் தந்தத்தைக் கொண்டாடும் விழா அது. ஆனால் அதில் கதிர்காமத்து முருகனின் ஊர்வலமும், நம் கண்ணகியோடு தொடர்புடைய பத்தினி தெய்வத்தின் ஊர்வலமும் சேர்ந்து வரும். அங்கேயும் அரசு போய்விட்டது, அரச விழா நிற்கிறது.

வித்தியாசம் என்னவென்றால், கண்டி இன்று உலகமே வந்து பார்க்கும் விழா. பாறசாலை வழியாகப் போகும் விழாவைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியில் வாழ்கிறவர்கள். நல்லதா, கெட்டதா? இரண்டும்தான். வெளியாட்கள் வராததால் விழா காட்சிப்பொருள் ஆகவில்லை. ஆனால் நம் தமிழ்நாட்டிலேயே கிளம்பும் ஒரு விழாவைப் பற்றி நமக்கே தெரியாமல் போய்விட்டது.

இந்தப் பயணத்துக்கு என்ன நெருக்கடி?

முதலாவது, சாலை. இருநூறு ஆண்டுக்கு முன்னால் ஆளும் மாட்டுவண்டியும் போன வழி இன்று தேசிய நெடுஞ்சாலை. கழக்கூட்டத்திலிருந்து எல்லையோரக் காரோடு வரை புறவழிச்சாலை வந்ததில் வேகமாகப் போகிற வண்டிகளுக்கு வேறு வழி கிடைத்திருக்கிறது. ஆனாலும் பழைய சாலையின் நெரிசல் நெரிசல்தான்.

இரண்டாவது, யானை. சூடான தார்ச்சாலையில் மூன்று நாள் யானையை நடத்துவது சரியா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வளர்ப்பு யானைகளைப் பராமரிக்கவும் ஊர்வலத்தில் பயன்படுத்தவும் கேரளம் 2012இல் தனி விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிகள் ரோட்டில் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்ப்பதில் பார்வையாளர்களுக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது, பழக்கம் விட்டுப்போகும் பயம். 2020இல் கொரோனா காலத்தில் விக்கிரகங்களை வண்டியில் கொண்டுபோகலாம் என்ற யோசனை வந்தபோது பக்தர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. கடைசியில் யானையும் கூட்டமும் இல்லாமல் எளிமையாகப் பயணம் நடந்தது. அந்த வருஷம் இரண்டு விஷயம் தெரிந்தது. ஆடம்பரம் இல்லாமலும் இதை நடத்த முடியும். ஆனால் பயணத்தையே சுருக்கிவிட்டால், வழியில் விளக்கேற்றிக் காத்திருப்பவர்களுக்கு விழாவே இல்லை.

போக நினைத்தால்

*தேதி:* காலண்டரில் மகாளய அமாவாசையைப் பாருங்கள். நவராத்திரி தொடங்கும் முன் ஊர்வலம் திருவனந்தபுரம் சேர்ந்திருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் புறப்படும் நாள் கிடைக்கும். செப்டம்பர் பின்பகுதியிலோ அக்டோபரிலோ வரும். ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம் என்பதால், நாகர்கோவில், திருவனந்தபுரம் பதிப்பு நாளிதழ்களில் உறுதி செய்துகொண்டு டிக்கெட் போடுங்கள்.

*ரயில்:* நாகர்கோவில்–திருவனந்தபுரம் பாதையில் இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை நிலையங்கள் வரிசையாக வரும். பத்மநாபபுரத்துக்கு இரணியலில் இறங்கித் தக்கலை போகலாம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு அனந்தபுரி எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் போகிறது. நாகர்கோவில் வரை வந்துவிட்டால் பாசஞ்சர் ரயிலும் பஸ்ஸும் உண்டு.

*தங்க:* மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை இரண்டிலும் சாதாரண லாட்ஜ்கள் கிடைக்கும். வசதி வேண்டுமென்றால் திருவனந்தபுரம். நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான்.

*வண்டி ஓட்டிப் போனால்:* கூகுள் மேப் உங்களைப் புறவழிச்சாலைக்குத் திருப்பிவிடலாம். ஊர்வலம் போவது ஊர்களுக்குள் போகும் பழைய சாலையில். களியக்காவிளை, பாறசாலை, அமரவிளை என்று ஊர்ப்பெயர் போட்டுப் போங்கள்.

*உடை:* ரோட்டில் நிற்க எதுவும் போதும். திருவனந்தபுரத்தில் கோயில்களுக்கும் மண்டபத்துக்கும் வேட்டி, சேலை வேண்டும். கொண்டுவர மறந்துவிட்டால் வழியில் பாலராமபுரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்தப்பட்ட சாலியர் நெசவாளர்களின் கைத்தறி அங்கே பேர் போனது. இந்தப் பாதையில் எதைத் தொட்டாலும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு நூல் வருகிறது பாருங்கள்.

*அரண்மனை:* பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. மற்ற நாளில் திட்டமிடுங்கள்.

*நடந்துகொள்ள வேண்டிய முறை:* யானைக்கு அருகே போய் செல்ஃபி எடுக்காதீர்கள். பல்லக்கு தூக்குகிறவர்களின் வழியை மறிக்காதீர்கள். வீட்டு வாசலில் விளக்கோடு நிற்பவர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கச்சேரியில் போனை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

அடுத்த நவராத்திரிக்கு ஆபீஸில் கொலு வைத்துச் சுண்டல் கொடுப்பார்கள். அது எப்படியும் நடக்கும். ஒரு வருஷம் மட்டும் அதை விட்டுவிட்டு, களியக்காவிளையில் இறங்கி எல்லையைக் கடந்து பாறசாலை வரை போய் நில்லுங்கள். பத்மநாபபுரத்திலிருந்து கிளம்பிய சரஸ்வதியும் அதே வழியாகத்தான் வந்துகொண்டிருப்பார்.